செவ்வாய்க்கிழமை மிஸ்ஸி

வத்தேகமயிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் வரும் தாதி சிந்துஜா மிஸ்ஸி மீது ஷிபானாவுக்கு முதல் நாளே சந்தேகம் விழுந்துவிட்டது. சும்மா விழவில்லை. மகள் ஸனாவுக்கு ஐந்து வயது. இன்னும் ஒரு "உம்மா" கூடச் சொல்லவில்லை. பெற்றவள் தொட்டால் துள்ளி ஓடுகிற அந்தப் பிள்ளை, இந்த மிஸ்ஸி அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினால் பெட்டிப் பாம்பாய் அடங்கிவிடுகிறாளே, அது எப்படி?

ஓட்டிசம் என்று டாக்டர் சொன்னதை ஷிபானா நம்பினாள். அதற்காக வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் நம்ப முடியுமா? மிஸ்ஸி போனதும் தூக்க மருந்து வாடை வருகிறதா என்று பிள்ளையின் வாயை முகர்ந்து பார்ப்பாள். பிஸ்கட் வாடைதான் வரும். மருந்து இல்லையென்றால் வேறு ஏதோ சூனிய வேலை நடக்கிறது என்று மனம் இன்னும் கெட்டது.

அதற்கும் சாட்சி வைத்திருந்தாள். தினமும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு குர்ஆனின் ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓதி, பிள்ளையின் முகத்தில் ஊதுவாள். ஊதினதுதான் தாமதம், ஸனா அலறிக்கொண்டு தலையைச் சுவரில் முட்டுவாள். ஓதின மூச்சுக்கே பயப்படும்படி இந்த மிஸ்ஸி என்ன செய்து வைத்திருக்கிறாள்? மிஸ்ஸி வருவதற்கு முன்பும் பிள்ளை இப்படித்தான் அலறினாள். ஷிபானா அதை வசதியாக மறந்துவிட்டாள்.

இந்தச் செவ்வாயோடு ஆளை நிறுத்திவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு, தட்டாமல் கதவைத் தள்ளினாள். ஸனா தரையில் குப்புறப் படுத்திருந்தாள். சிந்துஜா இரண்டு உள்ளங்கையாலும் அவள் முதுகை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எண்ட புள்ளய நசுக்கிக் கொல்லப் பாக்குறீங்களா?"

"கதவ மூடிட்டு வாங்கக்கா, பஸ் சத்தம் அவளுக்கு ஆகாது. இப்படி அழுத்துனாதான் அவளுக்கு நிம்மதி. லேசாத் தொட்டாலோ, காத்துப் பட்டாலோ தாங்க மாட்டா."

ஷிபானா கதவை மூடினாள். "அப்ப நான் ஓதி ஊதுறது?"

சிந்துஜா தயங்கினாள். "ஓதுங்கக்கா. ஊதாம ஓதுங்க. கைய இங்க வச்சு நல்லா அழுத்துங்க."

சந்தேகம் போகவில்லை. இருந்தாலும் உட்கார்ந்து, அழுத்தி, ஓதத் தொடங்கினாள். ஸனா அலறவில்லை. கை கொஞ்சம் தளர்ந்தபோது பின்னால் துழாவி, உம்மாவின் கையைப் பிடித்து மறுபடி தன் முதுகில் வைத்தாள்.

ஐந்து வருடத்தில் பிள்ளை தானாக அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நாள் தவறாமல் ஓதிய ஆயத்து ஷிபானாவுக்குப் பாதியில் மறந்துபோனது. கண்ணைத் துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை.