பூங்கொடிக்கு நேர்ந்தவை

மனைவி ரோசரி இறந்தபின் கஸ்பாரைச் சிரிக்க வைத்தது அந்த நாடகம்தான். பள்ளியில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பூங்கொடி என்ற பெண்ணைப் பற்றிய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர். அவருக்குப் பார்க்க நேரமில்லை. தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டி முடித்து சிலிபினில் இருக்கும் வீட்டுக்கு வருவதற்குள் அது முடிந்திருக்கும். நான்காம் படிவம் படிக்கும் மகள் ஜோசலின்தான், அவர் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து நடித்துக் காட்டுவாள்.

“இன்னிக்குப் பூங்கொடியோட கால் சப்பாத்து ஒண்ணைத் தூக்கி லோங்காங் சாக்கடைத் தண்ணியில போட்டுட்டாங்கப்பா. ஒத்தக் கால்ல நொண்டிக்கிட்டே போய், ‘டீச்சர், என் சப்பாத்து நீச்சல் கத்துக்குது’ன்னு சொல்றா.”

கஸ்பாருக்குப் புரையேறியது. அவர் தலையில் தட்டியபடி அவளும் சிரித்தாள்.

மறுநாள் பஸ்ஸில் அதை அப்படியே சொன்னார். சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத்திலிருந்து வேலைக்கு வரும் தினேஸ்வரி முன் இருக்கையில் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

“அண்ணே, அந்த நாடகம் போன மாசமே முடிஞ்சிருச்சுலா. நான் ஒண்ணு விடாம பாத்தேன். சப்பாத்து சீனெல்லாம் வரவே இல்ல.”

விளக்கு பச்சையாகியும் பஸ் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கேட்ட கதைகளெல்லாம் நினைவுக்கு வந்தன. நாற்காலியில் தடவிய பசை. எந்தக் குழுவிலும் எடுக்காததால் திடலோரமே நின்றது. பிறந்தநாளுக்குத் தானே வாங்கிய கேக். எல்லாவற்றுக்கும் அவர் சிரித்திருந்தார். ‘அப்புறம்?’ என்று வேறு கேட்டிருந்தார்.

அன்று மாலை சோற்றில் கை வைக்காமல் கேட்டார்.

“ஜோஸ், அந்தப் பொண்ணு ஏன் அவ அப்பாகிட்ட சொல்லல?”

ஜோசலின் குழம்புக் கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“நீங்க சிரிச்சீங்கப்பா,” என்றாள் கடைசியில். “அம்மா போனதுக்கு அப்புறம் அப்பதான் சிரிச்சீங்க. சொல்றப்ப எனக்கும் வேற யாருக்கோ நடந்த மாதிரி இருந்துச்சு.”

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

காலையில் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனார். பிள்ளைகள் விளையாட்டாகச் செய்திருப்பார்கள், கண்டிக்கிறோம் என்றார்கள் ஆசிரியர்கள். யார் யார் என்று கேட்டதற்கு ஜோசலின் வாய் திறக்கவில்லை. “விடுங்கப்பா, இன்னும் மோசமாயிரும்,” என்று வெளியே வந்து சொன்னாள்.

இப்போதும் அவர் சாப்பிடும்போது எதிரில் உட்காருகிறாள். இன்று பள்ளியில் என்ன என்று கேட்கிறார்.

“ஒண்ணும் இல்லப்பா.”

அதை நம்பவும் முடியவில்லை, மேலே கேட்கவும் தைரியம் வரவில்லை. குழம்பில் உப்பு சரியா என்கிறாள். சரியாகத்தான் இருக்கிறது என்கிறார்.