நாலு பூப் பூட்டு ஏலத்துக்கு வந்த கதை

பாப்பாவுக்கு ஐம்பத்தொரு வயது. தலைக்கு மேலே இரண்டு அண்ணன்மார் இருக்கும்வரை எந்தப் பெண்ணும் பாப்பாதான் என்பதை அவள் என்றைக்கோ ஏற்றுக்கொண்டுவிட்டாள். ஆனால் பாப்பா என்று ஆசையாகக் கூப்பிட்ட கையோடு, "பாப்பாவுக்கு என்ன தெரியும்?" என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள். அதுதான் அவளுக்கு எரிச்சல்.

அவர்களுடைய அப்பா கடைத் தராசுகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்தவர். சோதனைக்குப் போகிற வழியில் பழைய இரும்புக் கடை தென்பட்டால் கால் தானாக நின்றுவிடும். நாற்பது வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பூட்டுகள் சேர்ந்துவிட்டன. மீன் வடிவப் பூட்டு, கட்டைவிரல் அளவுப் பூட்டு, தூக்க இரண்டு ஆள் வேண்டிய கோட்டைக் கதவுப் பூட்டு. மூன்று அறை வீட்டில் திருடன் எடுத்துப்போக வேறு எதுவும் இல்லாததால், அத்தனையும் வேலையில்லாமல் சுவரில் தொங்கின.

அவற்றில் ஒன்றுதான் நாலு பூப் பூட்டு. உள்ளங்கை அகலப் பித்தளை, முகப்பில் பூ மாதிரி நான்கு குமிழ்கள். சாவித் துவாரம் கண்ணில் படாது. மூன்றாவது பூவைத் திருகினால் எட்டிப் பார்க்கும். கூத்து அதற்கப்புறம்தான். சாவி போகும், சுற்றும், பூட்டு மட்டும் திறக்காது. பாப்பாவுக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பா அதை அவள் மடியில் போட்டு, "திறந்துட்டேன்னா இது உன்னோடது" என்றார். அண்ணன்மார் ஆளுக்கு ஐந்து நிமிடம் முறுக்கிப் பார்த்துவிட்டு, பூட்டு கெட்டுப்போச்சு என்று சொல்லி விளையாடப் போய்விட்டார்கள். ஆடத் தெரியாதவருக்குக் கூடம் எப்போதும் கோணல்தானே. பாப்பா மூன்று வாரம் அதோடு உட்கார்ந்தாள். இருபத்தோராம் நாள் 'டொக்' என்று அது வாயைத் திறந்தபோது, அப்பா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்.

"உன்னோடதுதான். ஆனா இங்கேயே தொங்கட்டும், மத்ததுங்களுக்குத் துணையா" என்றார். இதற்கெல்லாம் யார் பத்திரம் எழுதி வைப்பார்கள்?

பாப்பா இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அப்பாவோடு உட்கார்ந்து பூட்டுகளுக்கு எண்ணெய் போட்டாள். அண்ணன்மாரும் வருவார்கள், வருஷத்துக்கு இரண்டு முறை. பெரியண்ணன் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விதிமுறைகளைக் கண்காணிக்கும் அதிகாரி. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்த்துவிடுவார். சின்னண்ணனுக்குத் தனியாக ஓர் அபிப்பிராயம் இருந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. பெரியண்ணன் பேசி முடித்ததும், "அதானே" என்பார். அதோடு அவர் கடமை முடிந்தது.

அப்பா போன பதினெட்டாம் நாள் பெரியண்ணன் ஒரு காகிதத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். இரும்புக் குப்பை என்று நாற்பது வருஷம் அவர் சொல்லிவந்த சாமான், ஏல நிறுவனத்தின் விளம்பரம் ஒன்றைப் பார்த்த ஒரே ராத்திரியில் 'அப்பாவின் அரிய சேகரிப்பு' ஆகியிருந்தது.

"பூட்டெல்லாம் ஏலத்துக்குப் போகுது. வர்றது எனக்கும் தம்பிக்கும். உனக்குத்தான் அப்பா கல்யாணத்துக்கே செஞ்சுட்டாரே" என்றார்.

"அதானே" என்றார் சின்னண்ணன்.

பாப்பா சண்டைக்குப் போகவில்லை. "எனக்கு ஒண்ணும் வேண்டாம்ணா. அந்த நாலு பூப் பூட்டு மட்டும் குடுங்க. அது அப்பா எனக்குக் குடுத்தது" என்றாள்.

பெரியண்ணன் சிரித்தார். விளம்பரத்தில் அதே மாதிரி ஒரு பூட்டின் படம் இருந்தது, அதன் கீழே ஒரு பெரிய தொகையும் இருந்தது. "அதுக்கு ஏதாவது எழுத்து இருக்கா? இல்லல்ல? முறைன்னு ஒண்ணு இருக்கும்மா. உனக்கு ஒண்ணு வேணும், தம்பிக்கு ஒண்ணு வேணும்னு ஆரம்பிச்சா எங்க போய் முடியும்? வேணும்னா ஏலத்துல வந்து எடுத்துக்கோ, எல்லாரையும் மாதிரி."

பிறகு மனமிளகி, மூலையில் கிடந்த பழைய பிஸ்கட் தகரப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். உள்ளே சாவிகள், கொத்துக் கொத்தாக, எண்ணெய்ப் பிசுக்கோடு. "இத வச்சுக்கோ, அப்பா ஞாபகமா." காகிதத்திலும் அப்படியே எழுதிச் சேர்த்தார்: பூட்டுகளில் சகோதரிக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை, சாவிப் பெட்டி மட்டும் அவளுக்கு. பாப்பா கையெழுத்துப் போட்டாள். பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

உலகத்தில் எத்தனையோ பேர் அப்பன் சொத்தைப் பிரித்திருக்கிறார்கள். பூட்டைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, சாவியை ஞாபகார்த்தமாகத் தங்கைக்குக் கொடுத்த மேதைகள் இந்த இருவராகத்தான் இருக்க வேண்டும்.

நாலாம் நாளே வாசல் மணி அடித்தது. அண்ணன்மார் இருவரும் நின்றார்கள். கையில் ஒரு பை ஆப்பிள். தங்கை வீட்டுக்குப் பழம் வாங்கிவர வேண்டும் என்று இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாகத் தோன்றியிருக்கிறது.

"பாப்பா, அந்தச் சாவிப் பெட்டி தூக்கிப் போட்டுடலையே?" என்றார் பெரியண்ணன்.

விஷயம் இதுதான். ஏல நிறுவனத்தில் ஒரு நிபுணர் அம்மாள் பூட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, "சாவி எங்க?" என்று கேட்டிருக்கிறார். சொந்தச் சாவியோடு இருந்தால்தான் அது பழம்பொருளாம், இல்லாவிட்டால் கிலோ கணக்கில் போடுகிற இரும்பாம். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பதையும் எழுதித் தர வேண்டுமாம்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. உனக்கு ஏதோ கொஞ்சம் தெரியும்ல?" என்றார் பெரியண்ணன்.

கொஞ்சம் தெரியுமாம்! இந்த இடத்தில் வேறு ஒருத்தியாக இருந்தால் அண்ணன்மாரை வாசலிலேயே நிற்க வைத்துப் பேரம் பேசியிருப்பாள். பாப்பாவுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. அதோடு அப்பாவின் பூட்டுகள் கிலோ கணக்கில் போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"தர்றேன். எல்லாத்தையும் பொருத்தியும் தர்றேன். அந்த நாலு பூவ மட்டும் எனக்கு விட்டுடுங்கண்ணா" என்றாள் மறுபடியும்.

"அதுதாம்மா கலெக்‌ஷனுக்கே உயிர். அத எடுத்துட்டா மத்ததுக்கு யாரு வருவா? சொன்னேனே, ஏலத்துக்கு வா."

"அதானே" என்றார் சின்னண்ணன், ஆப்பிள் ஒன்றை அவரே எடுத்துக் கடித்தபடி.

பாப்பா ஒரு வாரம் ஏல நிறுவனத்துக்குப் போய் இருநூற்றுப் பன்னிரண்டு சாவிகளுக்கும் சீட்டுக் கட்டினாள். நாலு பூப் பூட்டின் சாவியையும் சேர்த்துத்தான். அவள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. நிபுணர் அம்மாள் ஒவ்வொரு பூட்டாகத் திறந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். நாலு பூவுக்கு வந்தபோது பெரியண்ணன் பக்கத்தில் இருந்தார்.

"இது மட்டும் இருக்கட்டும் மேடம். ஏலத்தன்னிக்கு மேடையில எல்லார் முன்னாடியும் நானே திறந்து காட்டுறேன். அப்பா எனக்குத்தான் இத சொல்லிக் குடுத்தார்" என்றார்.

பாப்பா சீட்டின் நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள், பிறகு அடுத்த சாவியை எடுத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவருக்கு இலை போடுவது அவள் வேலையில்லை. அன்று மாலை வீட்டுக்குத் திரும்புமுன் கவுண்டருக்குப் போய், ஏலம் கேட்பவர்கள் பட்டியலில் பெயரைப் பதிந்துகொண்டாள். அட்டையில் முப்பத்தேழு என்று எண் போட்டுக் கொடுத்தார்கள். அண்ணன் சொல்லைத் தட்டாத தங்கை.

ஏலத்தன்று கூடம் நிறைந்திருந்தது. ஆளுக்கொரு வழவழப்பான விவரப் புத்தகம். நாலு பூவுக்கு ஒரு பக்கம் முழுக்க ஒதுக்கியிருந்தார்கள். 'அரண்மனைக் கருவூலத்தைக் காத்ததாகக் கருதப்படும் அதிசயப் பூட்டு' என்று இருந்தது. கருதியது யார் என்று எழுதவில்லை. சைக்கிள் பம்பு ஒன்றைக் கொடுத்து அப்பா அதைச் சந்தையில் மாற்றிக்கொண்டது பாப்பாவுக்குத் தெரியும். அந்தப் பம்பைப் பற்றியும் ஒரு வரி இல்லை. ஆரம்ப விலையை ஆயிரம் என்று அடிமட்டத்தில் வைத்திருந்தார்கள். குறைவாக ஆரம்பித்தால் கூட்டம் மோதிக்கொள்ளும், லட்சத்தைத் தாண்டும் என்று பெரியண்ணனே யோசித்து வைத்த விலை.

மற்ற பூட்டுகள் நன்றாகவே போயின. மீன் பூட்டுக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். அண்ணன்மார் முகம் விரிந்துகொண்டே போனது. கடைசியில் நாலு பூவை வெல்வெட் துணியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பெரியண்ணன் புதுக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு மேடையேறினார்.

மூன்றாவது பூவைத் திருகும் வரை எல்லாம் ஜோராக இருந்தது. துவாரம் தெரிந்ததும் கூட்டம் "ஆ!" என்றது. சாவியைப் போட்டார். சுற்றினார். இழுத்தார். திரும்பவும் சுற்றினார், திரும்பவும் இழுத்தார். நெற்றியில் வியர்வை பூத்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று. அவர் பொறுமையின் அளவு எட்டாம் வகுப்பிலிருந்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"ரொம்ப நாள் ஆச்சுல்ல, கொஞ்சம் துரு..." என்றார்.

"எண்ணெய் சொட்டுதே சார்" என்றார் முன்வரிசையில் ஓர் ஒல்லி வியாபாரி. கூடம் சிரித்தது.

சின்னண்ணனும் மேடையேறித் தன் பங்குக்கு இழுத்தார். பூட்டு அசையவில்லை. அப்போதுதான் பெரியண்ணனின் கண் கடைசி வரிசைக்கு வந்தது. "பாப்பா! நீ வந்து பாரு!"

பாப்பா எழுந்துவிட்டாள். அண்ணன் கூப்பிட்டால் எழுந்து பழகிய உடம்பு. கையில் அட்டையும் கூடவே எழுந்தது. ஏலக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"அவங்க வரக் கூடாது சார். முப்பத்தேழாம் நம்பர், ஏலம் கேக்கப் பதிஞ்சிருக்காங்க. கேக்குறவங்க மேடைக்கு வந்து பொருளத் தொடக் கூடாது, அது விதி."

"அவ என் தங்கச்சிங்க!"

"அப்ப பூட்டுல அவங்களுக்கும் பங்கு இருக்கா? பங்கு இருந்தா கேக்க முடியாது, மேடைக்கு வரலாம்."

பெரியண்ணன் வாயைத் திறந்தார். அவர் தட்டச்சு செய்த காகிதத்தின் நகல் ஏலக்காரரின் கோப்பிலேயே இருந்தது. "பங்கு... இல்ல" என்றார்.

"அப்ப உக்காரச் சொல்லுங்க."

பாப்பா உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விதி அவள் பக்கம் வந்து நின்றிருந்தது. பெரியண்ணன் பூட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்த்தார். விவரப் புத்தகத்தில் வந்த பிறகு திரும்ப எடுக்க முடியாது, அதற்கும் விதி இருந்தது. விதி என்றால் உயிரை விடுகிற மனிதருக்கு அன்றைக்கு விதி வாரி வழங்கியது.

"ஆயிரம்! யார் கேக்குறீங்க?" என்றார் ஏலக்காரர்.

திறக்காத பூட்டை யார் கேட்பார்கள்? கூடம் புத்தகத்தைப் புரட்டியது. பாப்பா அட்டையைத் தூக்கினாள்.

"ஆயிரத்து நூறு" என்றார் ஒல்லி வியாபாரி, பித்தளை விலையைக் கணக்குப் போட்டு. அவர் எடுத்தால் உருக்கித்தான் போடுவார். பாப்பா மறுபடியும் அட்டையைத் தூக்கினாள். "ரெண்டாயிரம்" என்று சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். வியாபாரி தோளைக் குலுக்கிவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

"ரெண்டாயிரம் ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!" சுத்தியல் விழுந்தது.

கட்ட வேண்டியதைக் கட்டி, பூட்டையும் சாவியையும் வாங்கிக்கொண்டு பாப்பா வாசல் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தாள். வீடு போகும்வரை பொறுக்க முடியவில்லை. மூன்றாவது பூவைத் திருகினாள். சாவியைப் போட்டு, திறக்கிற பக்கம் சுற்றாமல் பூட்டுகிற பக்கம் இரண்டு சுற்றுச் சுற்றினாள். வளையத்தை வெளியே இழுக்காமல் உள்ளே அழுத்தினாள். பிறகு ஒரு சுற்று பின்னால். 'டொக்'. நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்பு கேட்ட அதே சத்தம். கைதட்டத்தான் ஆளில்லை. அப்பா செத்த அன்றுகூட அழாதவள், படிக்கட்டில் போகிற வருகிறவர்கள் பார்க்க, தேம்பித் தேம்பி அழுதாள்.

நிமிர்ந்தபோது அண்ணன்மார் இருவரும் பின்னால் நின்றிருந்தார்கள். பெரியண்ணன் திறந்து கிடந்த பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுகிட்டே ஏம்மா சொல்லல?"

"பூட்ட நான் கேட்டேன், நீங்க தரல. சாவிய நீங்க கேட்டீங்க, நான் தந்தேன். எப்படித் திறக்குறதுன்னு யாருமே கேக்கலையேண்ணா."

"மேடையில கூப்பிட்டேனே!"

"அப்ப நான் வெளியாளுண்ணா. நீங்கதான எழுதினீங்க."

"அதானே" என்று சின்னண்ணன் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, அண்ணன் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார். பிறகு அவரே, "எங்களுக்கும் சொல்லிக் குடேன் பாப்பா" என்றார். கேட்டது நிஜமாகவே அவர்தானா என்று பாப்பா ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

அவள் கண்ணைத் துடைத்தாள். இதுவரை நடந்ததெல்லாம் எப்படியோ போகட்டும், மூன்று பேரும் ஒரு விளக்கடியில் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று உண்மையாகவே நினைத்தாள்.

"தாராளமா. வர்ற ஞாயித்துக்கிழமை வாங்க, ரெண்டு பேரும். ஆனா சொன்னா வராதுண்ணா, உக்காந்து பாத்தாத்தான் வரும். எனக்கு மூணு வாரம் ஆச்சு. அப்பாவும் கூடவே உக்காந்திருந்தார்."

பெரியண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார்.