நான்காவது பாட்டுக்கு இரண்டு மார்க்

கொடியிலிருந்து எடுத்து வந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி, என் கணவர் காலுறைகளுக்கு ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை, மாலை ஆறரை மணி இருக்கும். ஒற்றைக் காலுறையைக் கையில் தொங்கவிட்டபடி கேட்டார்.

"அந்த நாலாவது பாட்டுக்கு ரெண்டுங்கிறது கொஞ்சம் அநியாயமா தெரியலையா?"

"ரெண்டே ஜாஸ்தி. இன்னொரு சாக்ஸ் கட்டிலுக்கு அடியில கிடக்கும், பாருங்க."

குனிந்து பார்த்தார். "இங்க தூசிதான் இருக்கு. இதுக்கு எத்தனை மார்க்?"

"தூசிக்கு மூணு."

சிரித்தார். காலுறை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் பேசியிருப்போம். சாப்பிட்டோம், கதவைப் பூட்டினோம், பேசாமலா இருந்திருப்போம். ஆனால் எனக்கு நினைவிருக்கிற கடைசிப் பேச்சு இதுதான்.

மறுநாள் காலை பத்தே முக்காலுக்கு, அவர் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில், லென்ஸின் விளிம்பைத் தேய்க்கும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தவாக்கிலேயே சரிந்துவிட்டார். இதயம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஐம்பத்திரண்டு வயது. யாருடைய லென்ஸோ பாதி தேய்ந்தபடி இயந்திரத்திலேயே இருந்ததாம்.

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால், நான் ஏன் ஒரு பாட்டின் பின்னால் பைத்தியம் மாதிரி அலைந்தேன் என்பது புரியாது.

நாங்கள் ஐந்து பேர். கிழிந்ததைத் தைத்து, பெரிதைச் சிறிதாக்கித் தரும் தையல்கார அக்கா. அவருடைய கடைக்குப் பின்னாலிருந்த அறையில்தான் கூடுவோம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற தம்பி; நாற்பதைத் தாண்டிவிட்டார், இருந்தாலும் எல்லோருக்கும் தம்பிதான். லிஃப்ட் பழுது பார்க்கிற பெரியவர். அவரை லிஃப்ட் சார் என்போம். பிறகு நானும் என் கணவரும். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். கூட்டத்தில் எனக்குப் பெயர் சிவப்பு மை.

ஒவ்வொருவரும் வாரம் ஒரு புதுப் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். மற்ற நான்கு பேரும் கேட்டிராத பாட்டாக இருக்க வேண்டும். எந்த மொழியாகவும் இருக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் லிஃப்ட் சாருக்கு அனுப்பிவிட வேண்டும். யார் அனுப்பியது என்பது அவருக்கு மட்டும் தெரியும். சனிக்கிழமை நான்கு மணிக்கு ஐந்து பாட்டையும் வரிசை மாற்றி ஒலிக்க விடுவார். ஒரு பாட்டு, ஒரே ஒரு தடவை. முடிந்ததும், அக்கா அளவு வரைகிற காகிதத்தில் வெட்டிவைத்த துண்டுச் சீட்டில் பத்துக்கு ஒரு மார்க்கும் ஒரு வரியும் எழுதி மடித்துப் போடுவோம். தன் பாட்டுக்கும் போட வேண்டும். சராசரி ஏழைத் தாண்டினால் அனுப்பியவர் கை தூக்கலாம். தாண்டாவிட்டால் லிஃப்ட் சார் அந்தப் பாட்டை அழித்துவிடுவார். யாருடையது என்று யாரும் கேட்கக் கூடாது. ஆரம்பத்தில் எங்களோடு இருந்த ஒருவர், தன் பாட்டைக் கிண்டல் செய்தார்கள் என்று கோபித்துக்கொண்டு போனதே போனதுதான். அதற்குப் பிறகு வந்த விதி இது. இந்த விதி இருந்ததால்தான் மனதில் பட்டதை எழுத முடிந்தது. எனக்கு அது வசதியாகவும் போய்விட்டது.

என் கணவர் பாட்டுகளைக் கண்டுபிடித்த விதம் தனி. கடைக்கு வருகிறவர்கள் ஃபிரேமைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "இப்ப சமீபத்துல உங்க மனசைத் தொட்ட பாட்டு ஒண்ணு சொல்லுங்களேன்" என்பார். காதுக்குப் பின்னால் ஃபிரேமை வளைத்துச் சரிசெய்து முடிப்பதற்குள் ஒரு பாட்டை வாங்கிவிடுவார்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை முதல் பாட்டும் மூன்றாவதும் தேறின. முதலாவது என்னுடையது. மூன்றாவது அக்காவுடையது. இரண்டு, நான்கு, ஐந்து தோற்றன. அந்த மூன்றில் ஒன்று என் கணவருடையது.

நான்காவது பாட்டில் வாத்தியமே இல்லை. ஒரு ஆண், வயதானவர் போல, எங்களில் யாருக்கும் தெரியாத மொழியில், ஏதோ ஒரு அறைக்குள் உட்கார்ந்து தனியாகப் பாடினார். நடுவில் இருமினார். அதை வெட்டக்கூட இல்லை. நான் எழுதிய வரியை லிஃப்ட் சார் சத்தமாகப் படித்தார்: "பாடுகிறவர் நிறுத்தியது நல்ல முடிவு. அந்த முடிவுக்கு இரண்டு."

பெயர் இல்லாவிட்டாலும் யார் எழுதியது என்று எல்லோருக்கும் தெரியும். வேன் தம்பி ஸ்டூலிலிருந்து விழாத குறை. என் கணவரும் சிரித்தார். முழங்கையால் என்னை இடித்து, "நல்லா எழுதியிருக்கே" என்றார்.

அவர் இருந்திருந்தால் அடுத்த வாரமே மறந்துபோயிருக்கும். அவர் போனபின், வந்தவர்கள் எல்லோரும் கிளம்பி வீடு அமைதியான ஒரு பகலில், காலுறையோடு நின்று அவர் கேட்ட கேள்வி என் முன்னால் வந்து உட்கார்ந்தது. தோற்ற பாட்டுக்கெல்லாம் வக்காலத்து வாங்குவது அவர் வழக்கம்தான். அப்படி வழக்கமாகக் கேட்டதாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். நான்காவது மட்டும் அவருடையதாக இருக்கக் கூடாது. இரண்டாவதாக இருக்கட்டும், ஐந்தாவதாக இருக்கட்டும். அதை நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அச்சகத்தில் ஒரே பக்கத்தை நான்கு தடவை படித்துவிட்டு, ஒரு பிழைகூடக் கண்ணில் படாமல் அனுப்பினேன். அதில் பதினொன்று இருந்ததாம்.

முதலில் அவருடைய போனை எடுத்தேன். பூட்டைத் திறக்கும் எண் எனக்குத் தெரியாது. கேட்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. அவர் பிறந்த நாளைப் போட்டேன். என்னுடையதைப் போட்டேன். கல்யாண நாள், வீட்டு எண், அவர் ஏறும் பேருந்தின் எண். ஒவ்வொரு தடவையும் போன் கொஞ்ச நேரம் காக்க வைத்தது. காத்திருந்தேன். பத்து தடவை தப்பானால் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடும்படி அவர் அமைத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. பத்தாவது எண்ணைப் போட்டதும் திரை வெள்ளையானது. பிறகு, கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்தது மாதிரி, "வணக்கம்" என்றது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாட்டு மட்டுமா போயிற்று?

அவர் போய் ஐந்தாவது வாரம், வேன் தம்பியைப் பள்ளிக்கூட வாசலில் பிடித்தேன். மணி அடிக்க அரை மணி இருந்தது.

"அண்ணி! வெயில்ல நிக்காதீங்க, ஏறி உக்காருங்க."

குழந்தைகள் உட்கார்கிற குட்டையான இருக்கையில் முழங்கால் மடங்க உட்கார்ந்தேன். "தம்பி, விதியெல்லாம் பாக்காம ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்த நாலாவது பாட்டு..."

"அது என்னுது அண்ணி."

"நிஜமாவா?"

"சத்தியமா. நீங்க ரெண்டைப் போட்டுட்டு ஹாயா போயிட்டீங்க. அன்னிக்கு ராத்திரி பூரா என் பொண்டாட்டி என்னைத் தேத்த வேண்டியதாப் போச்சு. அடுத்த வாரம் உங்க பாட்டுக்கு ஒண்ணு போட்டுப் பழி வாங்கணும்னு சபதமே எடுத்திருந்தேன், தெரியுமா?"

ஐந்து வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தேன். வேனின் முன் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், நான் சிரித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் நன்றாக இருந்தேன். பிறகு, அவருடையது இரண்டாவதா ஐந்தாவதா என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. எதுவானாலும் நான் போட்டது ஐந்துக்குக் குறையாது, தைரியமாகக் கேட்கலாம். லிஃப்ட் சார் ஒரு அலுவலகக் கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் இயந்திர அறையில் வேலையாக இருந்தார். கை முழுக்கக் கிரீஸ்.

"சார், நாலாவது பாட்டு யாருதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று ஆரம்பித்தேன்.

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சுபோச்சா?" என்றார். "ஆமாம்மா, அது நான் போட்டதுதான். வயசான காலத்துல ரசனை கெட்டுப்போச்சு. நீ ரெண்டு போட்டது சரிதான். மனசுல வெச்சுக்காதே."

பதினோரு மாடியையும் படியிலேயே இறங்கினேன். "லிஃப்ட் ஓடுதும்மா, நான் இப்பத்தான் சரி பண்ணேன்!" என்று மேலேயிருந்து அவர் கத்தியது கேட்டது.

தையல் கடைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்ததும் அக்கா மெஷினை நிறுத்தினார்.

"அந்த நாலாவது பாட்டு விஷயந்தானே? அதையே நினைச்சு உருகாதே. அதை நான்தான்டி போட்டேன்."

"அக்கா, உங்க பாட்டு மூணாவது. பாஸ் ஆச்சு. எழுந்து நின்னு எங்களையெல்லாம் கை தட்ட வெச்சீங்க."

அக்கா கழுத்தில் கிடந்த அளவு நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீ தம்பிகிட்ட கேப்பே, இல்லைன்னா சார்கிட்ட கேப்பேன்னு நினைச்சோம்" என்றார். "அது அவர் பாட்டுன்னு சார் சொன்னதும், யாராவது ஒருத்தர் ஏத்துக்கணும்னு பேசி வெச்சோம். யாருன்னுதான் பேசி வைக்கல."

"மூணு பேரு! மூணு பேரு சேந்து ஒரு பொய்யை ஒழுங்கா சொல்லத் தெரியல உங்களுக்கு!" நான் கத்தியதில் வாசலில் துணி கொடுக்க வந்த ஒருவர் அப்படியே திரும்பிப் போனார். "தம்பி சொன்னதோட விட்டிருந்தா நான் நம்பிட்டுக் கிடந்திருப்பேனே அக்கா. நல்லா இருந்தேனே. ரெண்டு நாள் நல்லா இருந்தேனே."

அக்கா எழுந்து வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பிடிப்பதற்கு அவருக்குப் பலம் போதவில்லை. இரண்டு பேரும் வெட்டுத் துணிகளின் மேல் உட்கார்ந்தோம். நான் அழுதேன் என்று எழுதினால் அது சின்ன வார்த்தை. அன்று என் கணவர் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்துவிட்டு, தூசிக்கு எத்தனை மார்க் என்று என்னிடம் கேட்டார். நான் மூன்று என்றேன். தன்னுடைய பாட்டைவிடத் தூசிக்கு ஒரு மார்க் அதிகம் என்று தெரிந்துகொண்டுதான் சிரித்தார். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

லிஃப்ட் சார் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கையைக்கூடக் கழுவவில்லை.

"அழிச்சுட்டீங்களா சார்?" என்று கேட்டேன்.

"எப்பவும் சனிக்கிழமையே அழிச்சுடுவேன். அன்னிக்கு மறந்துட்டேன். ஞாயித்துக்கிழமை அந்த போன் வந்துச்சு. அப்புறம் கை வரலம்மா."

"அனுப்பும்போது ஏதாவது சொன்னாரா?"

"'கொஞ்சம் சத்தமா வைங்க'ன்னு மட்டும் எழுதியிருந்தார்."

"வெச்சீங்களா?"

"அன்னிக்குப் பக்கத்து வீட்டுல யாருக்கோ உடம்பு சரியில்லைன்னு அக்கா சொன்னாங்க. கொஞ்சம் குறைச்சுத்தான் வெச்சேன்."

ஒரு பாட்டை ஒரு தடவைதான் கேட்கலாம் என்ற விதியை அன்று மீறினோம். அக்கா ஷட்டரை இறக்கினார். லிஃப்ட் சார் ஒலியை முழுதும் கூட்டினார். பாட்டு தொடங்கியதும் அக்காவின் கை பழக்கத்தில் சீட்டுகளின் பக்கம் போய், பாதியில் நின்றது.

அது அழகான பாட்டாக மாறிவிடும் என்று நினைத்தேன். அப்படித்தானே நடக்க வேண்டும். சத்தமாக வைத்தால் ஏதாவது கேட்கும், அவர் இல்லாததால் ஏதாவது கேட்கும் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். வயதானவர் பாடினார், இருமினார், பாடினார், நிறுத்தினார். அவ்வளவுதான். அக்கா என் முகத்தையே பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். இல்லை.

பாட்டை என் போனுக்கு வாங்கிக்கொண்டேன். கண்ணாடிக் கடைக்கும் போனேன். அந்த வாரம் வந்தவர்களில் யார் இந்தப் பாட்டைச் சொல்லியிருப்பார்கள் என்று கேட்டேன். "அவர் வந்தவங்க எல்லார்கிட்டயும் கேப்பாரும்மா. யார்னு சொல்றது?" என்றார் முதலாளி. பாதி தேய்ந்த அந்த லென்ஸை வேறு யாரோ முடித்துக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

எட்டு மாதமாகக் கேட்கிறேன். சமையலறையில், பேருந்தில், அச்சகத்தில் மதிய இடைவேளையில். அவருக்கு இதில் எது பிடித்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு நாள் சீட்டு எடுத்து ஏழு என்று எழுதிப் பார்த்தேன். அவர் பார்த்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார். கூட்டாளி என்பதற்காக மார்க் போடுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. கிழித்துப் போட்டேன். மூன்று என்று எழுதினேன். அதுவும் பொய். பிடிக்காத பாட்டைப் பிடிக்க வைக்க மனிதருக்கு வழியே இல்லையா? இருந்தால் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். இரண்டாவது நிமிடத்தில் அந்த மனிதர் ஒரு வரியை முடித்துவிட்டு, அடுத்த வரியைத் தான் விட்ட இடத்தைவிடக் கொஞ்சம் கீழே எடுக்கிறார். எத்தனை தடவை போட்டாலும், அந்த இடத்தில், அதே அளவு கீழே.