பாலாம்பிகையின் நன்றியுரை

தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் நன்றியுரை என்பது ஒருவருமே கேட்காத உரை. "இறுதியாக" என்ற சொல் மைக்கில் விழுந்ததும் பாதிச் சனம் எழும்பிவிடும். மீதிச் சனம் ஏற்கெனவே குசினி வாசலில் தட்டோடு நிற்கும். பேசுகிறவர் முதுகுகளுக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவார். அதனால்தான் லண்டன் வெஸ்ட் ஈலிங்கில் நடக்கவிருந்த நட்பு விழாவில் அந்த உரையைத் தலைவர் சண்முகராசா பாலாம்பிகைக்குக் கொடுத்தார். பெண்களுக்கும் இடம் கொடுத்த மாதிரி இருக்கும், சமைக்கிறவளைக் குளிர்வித்த மாதிரியும் இருக்கும் என்பது அவர் கணக்கு.

போன மாதம் பக்கத்துத் தெருவில் யூதர்களின் செபக்கூடச் சுவரில் யாரோ அசிங்கங்களை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். யூத வெறுப்புக்கு எதிராக எல்லாச் சமூகமும் ஒன்றுகூட வேண்டும் என்று கவுன்சில் கேட்டது. கேட்டதுதான் தாமதம், "எங்கடை ஹோலிலை வையுங்கோ" என்று சண்முகராசா முந்திக்கொண்டார். கவுன்சிலர் வருவார், படம் எடுப்பார்கள், படத்தின் நடுவில் அவர் நிற்பார். அந்த மனுசனுக்கு அது போதும்.

பாலாம்பிகை சம்மதித்தது வேறு காரணத்துக்காக. செபக்கூடத்து ஆட்களோடு ரூத்தும் வரக்கூடும்.

ரூத் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஏழு வருசம் புதன்கிழமைதோறும் அந்த மண்டபத்தில் தமிழ்ப் பெண்களுக்கு இங்கிலீஷ் படிப்பித்தவள். மகனைத் துணைக்குக் கூட்டிப் போகாமல் தன் வயிற்றுவலியைத் தானே டொக்டரிடம் சொல்லப் பாலாம்பிகையைப் பழக்கியவள். இங்கிலீஷில் கையெழுத்து வைக்கப் பழக்கியவளும் அவள்தான். அந்த 'பி' எழுத்தின் இரண்டு வயிறும் ஒழுங்காக வர மூன்று வாரம் பிடித்தது. இரண்டு வருசத்துக்கு முன் ரூத் திடீரென்று வராமல் விட்டாள். போன் எடுத்தால் பதில் இல்லை. கடைத்தெருவில் கண்டால் மற்றப் பக்கம் கடந்து போனாள். வெள்ளைக்காரி தன் புத்தியைக் காட்டிவிட்டாள் என்று பாலாம்பிகையும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது செயலாளர் அம்பலவாணன் நிகழ்ச்சி நிரலைக் காட்ட அவள் வீட்டுக்கு வந்தான். பைலை மேசையில் வைத்துவிட்டுப் போனில் கதைக்க வெளியே போனான். பற்றீஸ் பொரித்த கையோடு பாலாம்பிகை பைலுக்குள் நிரலைத் தேடினாள். கையில் வந்தது ஒரு இங்கிலீஷ் கடிதம்.

ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி வாசித்தாள். ஒரு யூதப் பெண் மண்டபத்தில் இருப்பது எமது பெண்களுக்குப் பாதுகாப்பாக இல்லை, அவர் இனி இங்கே வரக்கூடாது என்று இருந்தது. அடியில் தலைவரின் ஒப்பம். அதற்குக் கீழே ஏழு பெண்களின் கையெழுத்து. மூன்றாவது அவளுடையது, இரண்டு வயிறும் ஒழுங்காக வந்த அந்த 'பி'யோடு.

அவளுக்கு அந்த நாள் நினைவு வந்தது. கோயிலில் பூசை முடிந்து ஒரு கையில் பிரசாதத்தோடு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சண்முகராசா தாளை நீட்டினார். "ஹோல் குளிருது, ஹீற்றிங் திருத்தச் சொல்லிக் கடிதம். கெதியாக் கையெழுத்து வையுங்கோ, தங்கச்சி." தலைவர் நீட்டினால் வைப்பதுதான் வழக்கம். வாசித்துப் பார்த்தால் அவரை நம்பவில்லை என்றாகிவிடும். ஏழு வருசம் படித்தவள் வாசிக்காமல் வைத்தாள்.

அம்பலவாணன் திரும்பி வந்தபோது கடிதம் அவள் கையில் இருந்தது.

"இதென்ன?"

"அது பழசு, அக்கா. விழாவுக்கு முதல் கிழிச்சுப் போடச் சொல்லித் தலைவர் சொன்னவர்."

"ரூத்தின்ரை கையிலை குடுத்ததோ?"

அவன் தலையைச் சொறிந்தான். "முதல்லை ஹீற்றிங் பழுது, வகுப்பில்லை எண்டுதான் சொன்னவர். அந்த மனுசி அடுத்த கிழமை வீட்டு ஹீற்றரை ஷொப்பிங் ட்ரொலியிலை இழுத்துக்கொண்டு வந்திட்டுது. அதுக்குள்ளை இவர் பூட்டை மாத்திப் போட்டார். மழைக்குள்ளை வாசல்லை நிண்டுது. அப்பதான் இந்தக் கடிதத்தின்ரை கொப்பியைக் குடுத்தவர்."

"அவ என்ன செய்தவ இவருக்கு?"

"ஒண்டுமில்லை, அக்கா. எங்கையோ நடக்கிற சண்டைக்கு, யூதர் எண்டபடியால் உவையும் பொறுப்பெண்டார்."

ரூத்தைத் திட்டித் தீர்த்த இரண்டு வருசமும் பாலாம்பிகையின் முகத்திலேயே வந்து அறைந்தன. அன்றைக்கே போய் ரூத்தின் காலில் விழுந்திருக்கலாம். ஆனால் மன்னிப்பு அவளுக்கும் ரூத்துக்கும் இடையிலான விசயம். சண்முகராசாவுக்கு அது எப்படிப் போதும்? படத்தின் நடுவில் நிற்க ஆசைப்பட்டவர், நன்றாக நிற்கட்டும்.

"கிழிச்சாச்சு எண்டு சொல்லு" என்றாள். "வேறை ஏதும் வாய் திறந்தியோ, உன்ரை பேரையும் நன்றியுரையிலை சேர்ப்பன்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்தது. ஹீற்றிங் நன்றாகவே வேலை செய்தது, எல்லோரும் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டிருந்தார்கள். ரூத் இரண்டாம் வரிசையில் இருந்தாள். பாலாம்பிகை கும்பிட்டபோது அவள் பார்வையை மேடையில் ஏற்றியிருந்த குத்துவிளக்கின் பக்கம் திருப்பினாள். சண்முகராசா முக்கால் மணித்தியாலம் பேசினார். யூத மக்கள் எங்கள் உடன்பிறப்புகள், எங்கள் கதவு அவர்களுக்கு என்றும் திறந்தே இருக்கும் என்றார். அந்த இடத்தில் கைதட்டலுக்காக நிறுத்தவும் செய்தார்.

நன்றியுரைக்கு அழைத்ததும் வழக்கம்போலச் சனம் எழும்பியது. குசினிக் கதவை இழுத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லாரும் இருங்கோ" என்றாள் பாலாம்பிகை மைக்கில். "குசினி பூட்டியிருக்கு. திறப்பு என்னட்டை." சாவிக்கொத்தைத் தூக்கி ஆட்டினாள்.

சனம் சிரித்துக்கொண்டே திரும்பக் கதிரையில் இருந்தது. பசி வந்தால் தமிழ்ச் சனம் சொல் கேட்கும். ஒரு வசனம் தமிழில், அதே வசனம் ரூத் பழக்கிய இங்கிலீஷில் என்று அவள் தொடங்கினாள்.

"முதல் நன்றி எங்கடை தலைவருக்கு. ஹீற்றிங் பழுதெண்டு பொய் சொல்லி எங்கடை ரீச்சரை நிப்பாட்டினதுக்கு. அவ தன்ரை ஹீற்றரை இழுத்துக்கொண்டு வர, பூட்டை மாத்தி மழைக்குள்ளை விட்டதுக்கு."

சிரிப்பு நின்றது. சண்முகராசா பாதி எழுந்தார். "தங்கச்சி, நேரம் போகுது."

"உங்களுக்குத்தானே நன்றி சொல்றன், அண்ணை. இருங்கோ."

அவள் கடிதத்தைப் பிரித்து முழுவதும் வாசித்தாள். கவுன்சிலரின் பேனா நின்றுவிட்டது.

"எண்பத்து மூண்டிலை, எங்கையோ நடந்ததுக்குக் கொழும்பிலை என்ரை அண்ணையின்ரை கடையைக் கொளுத்தினவங்கள். அவர் ஆக்களைச் சுடுற துவக்கைக் கண்ணாலையும் கண்டதில்லை. தமிழன் எண்டதே போதுமாம். அதே நியாயத்தை லண்டனுக்குக் கொண்டு வந்து, எங்கடை பேரிலை ரூத்துக்குச் செய்து காட்டின தலைவருக்கு நன்றி. சுவரிலை எழுதினவன் ஆரெண்டு பொலிஸ் தேடுது. இதை எழுதினவர் முன்வரிசையிலை இருக்கிறார்."

அவள் கடிதத்தை ரூத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"மூண்டாவது கையெழுத்து என்ரை. வாசிக்காமல் வைச்சன். ரூத், நீ பழக்கின கையெழுத்தாலையே உன்னை வெளியிலை விட்டிட்டன்."

பேனாவை எடுத்துத் தன் பெயரைக் குறுக்கே வெட்டினாள். மண்டபத்தில் ஒரு கதிரை தரையில் உரசியது. முழங்கால் வலிக்காரி கனகாம்பிகை எழுந்து வந்தாள், பேனாவை வாங்கினாள், தன் பெயரை வெட்டினாள். "எனக்கும் ஹீற்றிங் எண்டுதான் சொன்னது, நாசமாப் போவான்" என்று மைக்கிலேயே சொன்னாள். பிறகு டொலறஸ் வந்தாள். பிறகு மற்ற நான்கு பேரும். ஏழும் வெட்டுப்பட்டபின் தாளில் சண்முகராசாவின் ஒப்பம் மட்டும் மிஞ்சியது.

அவர் கோட்டை எடுத்துக்கொண்டு குசினி வழியாக நழுவப் பார்த்தார். கதவு அசையவில்லை. மற்ற வாசலுக்குப் போவதென்றால் அத்தனை வரிசையையும் கடக்க வேண்டும். அவர் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார்.

ரூத் எழுந்தாள். பாலாம்பிகையைக் கடந்து நேரே அவரிடம் போனாள்.

"மிஸ்டர் சண்முகராசா, ஹீற்றிங் இப்போது சரியாகிவிட்டதா?" என்று இங்கிலீஷில் மரியாதையாகக் கேட்டாள்.

அவர் முகம் வேர்த்து ஊற்றியது. ஆம் என்றால், பழுதே ஆகாததைத் திருத்தியதாக அத்தனை பேருக்கும் முன்னால் இன்னொரு பொய். இல்லையென்றால் அந்த வேர்வைக்கு என்ன பதில்? கவுன்சிலரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றார் கடைசியில், நிலத்தைப் பார்த்து.

"அப்படியென்றால் புதன்கிழமை வகுப்பு இருக்கும்" என்றாள் ரூத்.

பாலாம்பிகை குசினித் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு வருசத்துக்குப் பிறகு இருவரும் பக்கத்தில் நின்றார்கள். ரூத் சிரிக்கவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை.

"உன் மேல் இருக்கிற கோபம் இன்னும் போகவில்லை" என்றாள்.

"ஓம். எனக்கும் என்னிலை போகேல்லை."

"வாசல் கதவுக்கும் புதுத் திறப்பு உன்னிடம் இருக்கிறதா?"

பாலாம்பிகை திறப்புக் கொத்தை அப்படியே நீட்டினாள். ரூத் அதை வாங்கிக் குசினிப் பூட்டைத் தானே திறந்துவிட்டுத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு கதவை மறித்து நின்ற சண்முகராசாவிடம் சாப்பாட்டு வரிசையின் கடைசிக்குப் போகச் சொன்னாள்.