கீப்புக்கு நாலு பூ

அன்னக்கிளிக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கே பெரிய கும்பிடாகப் போட்டவள். ஆனால் ‘கீப்’ என்று அவளிடம் சொல்லிப் பாருங்கள். வச்சுக்கிடுதது என்று அர்த்தம் சொல்லி, அதே அர்த்தத்தில் ரெண்டு, எதிர் அர்த்தத்தில் ரெண்டு என்று மடமடவென ஒப்பித்துவிடுவாள்.

எல்லாம் புருஷனுக்காகப் பட்ட பாடு. சௌந்தரபாண்டியனுக்கு பஸ் டெப்போவில் தற்காலிக வேலை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸானால்தான் நிரந்தரம். மற்ற பாடமெல்லாம் தேறியாயிற்று. இங்கிலீஷ் மட்டும் நாலு தடவை காலை வாரிவிட்டது. எண்பத்திரண்டு மார்ச்தான் கடைசி, அதற்குமேல் வேலையில் வைத்திருக்க முடியாது என்று அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்.

அவன் கைடைப் பிரித்து வைத்துத் தெருவுக்கே கேட்கும்படி வாசிப்பான், மறுநிமிஷம் மறந்துபோவான். பூ மார்க்கெட்டில் வாங்கிவந்த பிச்சிப்பூவை விற்பதற்காகக் கட்டிக்கொண்டே கேட்டிருந்த அன்னக்கிளிக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. வாழைநாரை அவன் கையில் திணித்தாள்.

“இங்கன பாருங்க. இந்தப் பக்கம் ரெண்டு பூ, ஹோல்ட், ரீடெயின். அந்தப் பக்கம் தலைமாத்தி ரெண்டு, லூஸ், கிவ் அப். நடுவுல முடிச்சு போடுதோம்லா, அதான் கீப்பு.”

என்ன மாயமோ, விரல் அசைந்தால் அவனுக்குச் சொல் வந்தது. விரல் நின்றால் சொல்லும் நின்றது. அதனால்தான் பரீட்சையன்று அவன் சட்டைப்பையில் ஒரு முழம் நாரைச் சுருட்டி வைத்து அனுப்பினாள். வெறும் நார்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்துவிட்டாள் அந்த அப்பாவி.

மத்தியானம் திரும்பி வந்தவன் சோற்றைத் தொடவில்லை.

“டெஸ்க்குக்கு அடியில கை அசையுததை சூப்பர்வைசர் பாத்துட்டாரு. பிட்டுன்னு நெனச்சு நாரைப் பிடுங்கிட்டாரு. என் நம்பரையும் குறிச்சுக்கிட்டாருட்டி.”

பிட்டடித்ததாக மேலே எழுதி அனுப்பிவிட்டால் பரீட்சையும் போச்சு, டெப்போவும் போச்சு. அவன் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுவிட்டேனே என்று அன்னக்கிளி அழுது தீர்த்தாள். அழுதுவிட்டுச் சும்மா கிடக்கிற ரகமில்லை அவள். மறுநாள் பூக்கூடையோடு பரீட்சை நடந்த பள்ளிக்கூட வாசலில் போய் நின்றுகொண்டாள்.

சூப்பர்வைசர் மைதீன் பாட்சா கடையநல்லூர்க்காரர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவரைப் புருஷன் சொன்ன அடையாளத்தை வைத்து மறித்தாள்.

“சார், நாரைக் குடுத்து விட்டது நாந்தான். அவுக மேல ஒரு தப்பும் இல்ல. இந்தா பாருங்க.”

நின்ற நிலையிலேயே கட்டிக் காட்டினாள். கீப்பில் ஆரம்பித்து ஏழெட்டு வினைச்சொற்கள், கூட்டாளிகளோடும் எதிராளிகளோடும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன.

பாட்சா சார் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டார்.

“நாரை ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தேம்மா, ஒண்ணும் இல்ல. நான் எதுவும் எழுதி அனுப்பல. என்ன விவரம்னு கடைசில கேக்கலாம்னுதான் நம்பரைக் குறிச்சேன். அதுக்குள்ள உன் வீட்டுக்காரர் ஓடிட்டாரு.”

அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பப் போனவளை அவர் விடவில்லை.

“இவ்வளவு தெரிஞ்சவ, நீ ஏம்மா பரீட்சை எழுதல?”

இருபத்தாறு வயதுவரை அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் முதலில் நல்ல செய்தியைச் சொன்னாள். பிறகு இதை, ஏதோ வேடிக்கைபோலச் சிரித்துக்கொண்டே சொன்னாள். சௌந்தரபாண்டியன் சிரிக்கவில்லை.

ஜூனில் முடிவு வந்தது. முப்பத்தெட்டு மார்க், ஆள் தப்பித்தான். நிரந்தர உத்தரவு கைக்கு வந்த அன்று அல்வாப் பொட்டலத்தோடு வருவான் என்று பார்த்திருந்தாள். அவன் கையில் ஒரு சிலேட்டு இருந்தது.

“எட்டாங் கிளாஸ் பரீட்சையை வீட்டுல இருந்தே படிச்சு எழுதலாமாம். பாட்சா சாரைப் பாத்துக் கேட்டுட்டு வாரேன்.”

“நல்லாருக்கே! அப்போ பூவை யாரு கட்டுவா?”

“நான் கட்டுதேன்.”

சொன்னதோடு நில்லாமல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூடைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தான். அவன் கட்டிய சரம் அங்கங்கே பல்லிளித்துக்கொண்டு கோணலாய் நீண்டது. விலைக்குப் போகாது என்று பார்த்ததுமே தெரிந்தது. அன்னக்கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிலேட்டை மடியில் வைத்தாள்.

“மொத எழுத்தைச் சொல்லுங்க,” என்றாள்.