சாவியை எடுத்தால்

அன்று காலை பழங்காநத்தம் வீட்டுக் காம்பவுண்டுக்குள் இருந்தவர்கள்:

நாகஜோதி. வெட்டுப்பட்டுச் செத்த பேயாண்டியின் மனைவி. புது வண்டி அவர் பேரில்தான் வருகிறது.

அழகுராஜா. பேயாண்டியின் தம்பி. அண்ணன் போன பிறகு குவாரியையும் லாரிகளையும் பார்த்துக்கொள்பவர்.

நல்லகாமன். நாகஜோதியின் அண்ணன். வாரத்துக்கு ஒருமுறை வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

சோணை. டிரைவர்.

சாய்பிரசாத். சென்னை கார் ஷோரூம்காரர். காட்டுவதற்கு ஒரு வண்டியை ஓட்டி வந்திருந்தார்.

நான், முத்திருளன். குடோனுக்கு ராத்திரி வாட்ச்மேன். ஷிப்ட் முடிந்தும் கார் பார்க்க நின்றேன்.

வேறு யாரும் இல்லை. கேட்டை உள்பக்கம் பூட்டச் சொன்னது அழகுராஜா. வெளியாள் வந்தால் அப்படித்தான் செய்வோம். சாவி என் இடுப்பில் இருந்தது.

பேயாண்டியைப் போன வருடம், மாசிச் சிவராத்திரியில் குலசாமி கும்பிடும் மாசிப் பச்சை அன்று வெட்டினார்கள். கீழக்குயில்குடி போகும் வழியில், வயலுக்கு நடுவே அந்தக் குடும்பத்துக் கருப்பன் கோயில் இருக்கிறது. அங்கே அவர்களுக்கு ஒரு வழக்கம். வண்டி எல்லையில் நின்றதும் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு டிரைவர் முதலில் இறங்க வேண்டும். சாவியைக் கருப்பன் காலடியில் வைத்துத் திருநீறு வாங்கி வரும்வரை உள்ளே இருப்பவர்கள் கைகூப்பிக் கண்ணை மூடியிருக்க வேண்டும். பேயாண்டிக்குப் பகை நிறைய இருந்தது. அதனால் கதவைப் பூட்டிக்கொண்டுதான் கண்ணை மூடுவார். சுமோவில் பல மாசி அப்படிப் போயிருந்தது. அந்தத் தையில் வெளிநாட்டுக் கார் வாங்கினார்கள். அதற்கு அது முதல் மாசி.

மண்குதிரைகளுக்குப் பின்னாலிருந்து நாலு பேர் வந்தார்கள். முதல் வெட்டு கழுத்தில் விழுந்தது. இரண்டாவதைக் கையால் தடுத்தார், கை போனது. பக்கத்தில் இருந்த நாகஜோதி குறுக்கே நீட்டிய வலது கையில் இரண்டு விரல் போனது. சோணை திருநீற்றோடு ஓடி வந்தபோது அவர்கள் கரும்புக்காட்டுக்குள் இறங்கிவிட்டார்கள். பின்னால் வர வேண்டிய அழகுராஜாவின் வண்டி பஞ்சர் என்று தாமதமாக வந்தது.

கருமாதிக்கு ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ‘கதவு திறந்து பகையைச் சந்தித்த சிங்கமே’ என்று போட்டிருந்தது. பூட்டிய கார். உள்ளே இருந்தவர்தான் திறந்திருக்க வேண்டும். பேயாண்டி பயந்து சாகவில்லை, கதவைத் திறந்துகொண்டு எதிர்த்து நின்றார் என்று ஊர் பேசியது. நானும் அதைத்தான் நம்பினேன். சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருந்தது.

வருடத் தெவசம் முடிந்ததும் புது வண்டிக்குச் சொல்லிவிட்டார்கள். பழைய கார் கோர்ட்டுப் பொருளாகி, ஸ்டேஷன் வளாகத்தில் வெயிலில் கிடந்தது.

சாய்பிரசாத் பிளாஸ்டிக் மேஜை மேல் பெயிண்ட் தகடுகளையும் தோல் துண்டுகளையும் பரப்பினார்.

“இது ஐவரி வெள்ளை, மேடம். நம்ம ஊர் வெயிலுக்கு உள்ள கூலா இருக்கும். பெரிய இடத்துல எல்லாம் இதைத்தான் கேக்குறாங்க.”

நாகஜோதி மூன்று விரல் கையால் அந்தத் துண்டைத் தடவினார். “போன வண்டியும் இந்தக் கலருதான். ரத்தத்தை உறிஞ்சிருச்சு. கழுவியும் போகல.”

சாய்பிரசாத் அதை மெதுவாக எடுத்துப் பைக்குள் போட்டார். “அப்ப கறுப்பு.”

“கறுப்பு.”

அழகுராஜா நாற்காலியை இழுத்துப் போட்டார். “எஞ்சினுக்கு வாங்க தம்பி. இருக்கிறதுலயே பெருசு எது?”

“டர்போ சார். அழுத்துனா முதுகு சீட்டுல ஒட்டிக்கும். போலீஸ் ஜீப் கண்ணாடியில புள்ளியாத் தெரியும்.”

“அதப் போடு. தொரத்துறதுக்கும் ஆகும், தப்பிக்கிறதுக்கும் ஆகும்.”

“மாப்ள ஓடுறதுக்குன்னே வண்டி வாங்குறாரு,” என்றார் நல்லகாமன்.

“ஒங்க தங்கச்சி வண்டிதான மச்சான். நான் ஓட்டுறவன்தான்.”

“அடுத்து சன்ரூஃப். மேல கண்ணாடி திறக்கும். நின்னுக்கிட்டுக் கையாட்டலாம்.”

“மேல எதுக்குய்யா ஓட்டை?” என்றார் நல்லகாமன். “சைடுல வெட்டுனது பத்தாதா, மேலருந்து வேற குத்தவா?”

சாய்பிரசாத் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். சன்ரூஃப் வேண்டாம் என்று குறித்துக்கொண்டார்.

“எந்தப் பக்கம் தம்பி நீங்க?” என்றார் அழகுராஜா.

“மஹால் பக்கம் சார். சௌராஷ்ட்ரா. அம்மா இங்கதான் இருக்காங்க. மத்தியானம் அங்கதான் சாப்பாடு.”

“நம்ம ஊருதான். போன வண்டியும் இவருட்டதான் எடுத்தேன், மதினி. நல்ல பையன்.”

சக்கரத்துக்குள் பிரேக்கைக் கவ்வும் காலிப்பர் சிவப்பாக வேண்டும் என்றார் அழகுராஜா. சத்தமாக உறுமும் சைலன்சர் வேண்டும் என்றார். அகலச் சக்கரம், பின் கண்ணாடிக்குக் கறுப்பு. சாய்பிரசாத் எல்லாவற்றுக்கும் தலையாட்டி எழுதினார். அந்த ஆள் வேலையில் கெட்டி. எந்த வாடிக்கையாளர் என்ன கேட்டார் என்று சொல்லிச் சொல்லியே அடுத்தவர் தலையில் கட்டினார்.

“கடைசியா சின்னச் சின்ன செட்டிங் மேடம். இப்பவே சொல்லிட்டா அங்கேயே போட்டு அனுப்பிருவாங்க. மொதல்ல கதவு லாக்…”

“அதெல்லாம் வண்டி வரட்டும், பாத்துக்கிருவோம்,” என்றார் அழகுராஜா. “அந்தக் காலிப்பர் சிவப்பு எம்புட்டு அடர்த்தியா இருக்கும்? தகடு காட்டு.”

“அவரு சொல்லட்டும்,” என்றார் நாகஜோதி.

“வண்டியிலயே காட்டிர்றேன் மேடம். வாங்க.”

நாகஜோதி பின்சீட்டில் ஏறினார். வெட்டு நடந்த அன்றைக்குப் பிறகு காரின் பின்சீட்டில் அவர் ஏறி நான் பார்த்ததில்லை. எங்கே போனாலும் முன்னால்தான் உட்காருவார். சோணை ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினான். டக் என்று கதவுகள் பூட்டிக்கொண்டன.

“நகர்ந்தா தானாப் பூட்டிக்கும். இப்ப நிப்பாட்டிச் சாவியை எடுங்கண்ணே.”

சோணை எடுத்தான். மறுபடியும் டக். சாய்பிரசாத் வெளியே நின்று பின்கதவை ஒரு விரலால் திறந்து காட்டினார்.

“பாருங்க மேடம். உள்ள யாரும் எதையும் தொடல. சாவியை எடுத்தாப் போதும், நாலு கதவும் திறந்துக்கும். அவசரத்துல வெளிய வர்றதுக்கு நல்லது.”

“போன வண்டியிலயுமா?”

“நம்ம கம்பெனி வண்டி எல்லாத்துலயும் உண்டு. வேண்டாம்னு சொன்னா மாத்தித் தருவோம்.”

“சாத்துங்க. இன்னொரு தடவ.”

சோணை சாவியைப் போட்டு நகர்த்தினான். நிறுத்தினான். நாகஜோதி கண்ணை மூடி, குறைந்த விரல்களோடு கைகூப்பினார். சோணை சாவியை எடுத்தான். டக்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. “சோணை, அன்னைக்குச் சாவிய எடுத்தியா?”

“எடுக்காம எப்படிக்கா? கருப்பன் காலடியில வைக்கணும்ல.”

“இந்தச் சத்தம் கேட்டுச்சு. நான் அவருதான் தெறக்குறாருன்னு நெனச்சேன்.”

இறங்கி வந்து அண்ணன் முன்னால் நின்றார். “அண்ணே, அவரு கதவத் தெறக்கல. கண்ண மூடிக் கும்பிட்டுக்கிட்டு இருந்தவரத்தான் வெட்டியிருக்காங்ஙெ.”

நல்லகாமன் எழுந்தார். “வந்தவங்ஙெ கண்ணாடிய ஒடைக்க ஒரு கல்லுகூடக் கொண்டாரல. பூட்டுன கார்னு தெரிஞ்சா கொண்டாந்துருப்பாங்ஙெல்ல. நேரா வந்து கைப்பிடியப் பிடிச்சான்னு நீ ஆஸ்பத்திரியிலயே சொன்ன.”

“தெறந்திருக்கும்னு தெரிஞ்சு வந்திருக்காங்ஙெ,” என்றார் நாகஜோதி.

லாரி வீல் ஸ்பானர் ஒன்று குடோன் சுவரில் சாய்ந்திருந்தது. அழகுராஜா அதை எடுத்ததை நான் பார்த்தேன். டயருக்கு என்று நினைத்தேனோ என்னவோ, அடிக்கத்தான் எடுக்கிறார் என்று தோன்றவில்லை. முதல் அடி சோணையின் முழங்கையில் விழுந்தது. பச்சைக் கம்பை ஒடித்த சத்தம் வந்தது. சோணை காரின் மேல் சாய்ந்து சரிந்தான்.

“நாயே. எவன்ட்ட வாங்குன? எங்கண்ணன் சோத்தத் தின்னுட்டு எவன்ட்டடா சொன்ன?”

“எனக்குத் தெரியாதுண்ணே. சுமோல அப்படித் தெறக்காதுண்ணே…”

அடுத்த அடி வாயில். பல் சிமெண்ட் தரையில் உருண்டது. சோணை ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், மறுபடியும் அங்கேயே விழுந்தது. மேல் உதடு கிழிந்து தொங்கியது. நான் நகரவில்லை. அந்த வீட்டில் முதலாளி அடிக்கும்போது நடுவில் போகிற வழக்கம் கிடையாது.

“மாப்ள,” என்றார் நல்லகாமன். “பேசச் சொல்லிட்டு வாயிலயே அடிக்கிற.”

“சொல்ல மாட்டான் மச்சான் இவன். இவனக் கொல்லணும்.”

ஸ்பானர் தலைக்கு மேல் போனது. அப்போதுதான் சாய்பிரசாத் கத்தினார். அவர் சட்டையெல்லாம் சோணையின் ரத்தம் தெறித்திருந்தது.

“சார், விடுங்க சார். அவருக்கு எப்படித் தெரியும்? டெலிவரிக்கு அவர் வரலையே. நீங்க மட்டும்தானே வந்தீங்க. உங்களுக்குத்தானே காட்டினேன். நீங்கதான் சாவியைப் போட்டு எடுத்து, போட்டு எடுத்துப் பாத்தீங்க. மாத்தித் தரவான்னுகூடக் கேட்டேன், வேண்டாம் இப்படியே இருக்கட்டும்னீங்க.”

ஸ்பானர் மேலேயே நின்றது. அந்த ஆள் தன் வியாபாரத்தைக் காப்பாற்றவா, சோணையைக் காப்பாற்றவா அதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது.

“எங்ககிட்டச் சொன்னீங்களா தம்பி?” என்று நாகஜோதி அழகுராஜாவிடம் கேட்டார்.

“மறந்துட்டேன் மதினி. கலியாணம், காச்சின்னு அலைச்சல்.”

“சரி. ஒங்க வண்டி பஞ்சரு.”

“பஞ்சருதான்.”

“ஃப்ளெக்ஸ்ல கதவ அவரு தெறந்தாருன்னு எழுதச் சொன்னது யாரு? நான் சொல்லல. நான் அப்ப ஆஸ்பத்திரியில கெடந்தேன். போலீஸ் சொல்லல. வண்டியில நானும் அவருந்தான் இருந்தோம்.”

அழகுராஜா அவரைப் பார்த்தார். பிறகு நல்லகாமனைப் பார்த்தார். “இப்ப என்னங்கிற நீ?” என்றார். ‘மதினி’ என்ற சொல் போய்விட்டது. “எல்லாம் அவன் பேர்ல. நான் லாரிக்கு டீசல் ஊத்துனவன். சாகுற வரைக்கும் ஊத்தச் சொல்றியா?”

சொல்லிவிட்டுக் கேட்டை நோக்கி ஓடினார். பெரிய பூட்டு தொங்கியது. “டேய் முத்திருளா, தெறடா.”

நான் சாவியை எடுக்கவில்லை. ஸ்பானரை என் மேல் வீசினார். தோளில் பட்டுக் கீழே விழுந்தது. அவர் குனிந்து திரும்ப எடுப்பதற்குள் நல்லகாமன் வந்துவிட்டார். அவசரப்படவில்லை. ஸ்பானரைக் காலால் மிதித்து, எடுத்து, அழகுராஜாவின் முட்டியில் ஒரு பக்கமாக அடித்தார். கால் போகக் கூடாத திசையில் மடங்கியது. அழகுராஜா விழுந்து கேட்டின் அடிக்கம்பியைக் கட்டிக்கொண்டு கத்தினார். நல்லகாமன் அடுத்த முட்டியையும் அடித்தார். வெளியே ரோட்டில் ஷேர் ஆட்டோக்காரன் கீரைத்துறை, கீரைத்துறை என்று கூவிக்கொண்டு போனான்.

நாகஜோதி மேஜைக்குத் திரும்பினார்.

“எழுதிக்கோங்க. வெளிய கறுப்பு, உள்ள கறுப்பு. எஞ்சின் அவரு சொன்னதே இருக்கட்டும். செவப்பு வேணாம். சாவிய எடுத்தாக் கதவு தெறக்கக் கூடாது.”

சாய்பிரசாத் சிவப்பு என்று எழுதியிருந்ததை அடித்தார். “போட்டுர்றேன் மேடம்.”

“இன்னைக்கு இங்க என்ன பாத்தீங்க?”

அவர் தோல் துண்டுகளைப் பைக்குள் அள்ளிப் போட்டார். “சீட்டுக் கலர் பாத்தோம் மேடம்.”

“சோணைய ஏத்திக்கிட்டு ஆத்தத் தாண்டிப் பெரியாஸ்பத்திரியில விடுங்க. லாரியிலருந்து விழுந்தான்னு சொல்லுங்க. அப்புறம் அம்மா கையால சாப்பிட்டுட்டுச் சென்னைக்குப் போங்க.”

நானும் அவரும் சோணையைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினோம். காட்டுவதற்காகக் கொண்டு வந்த வண்டி. உள்ளே முழுக்க ஐவரி. சோணையின் வாயிலிருந்து வந்தது அதில் இறங்கிப் பரவியது. சாய்பிரசாத் அதைப் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கில் ஏறினார். கேட்டைத் திறந்துவிட்டேன். வண்டி போனதும் மறுபடி பூட்டினேன்.

நல்லகாமன் அழகுராஜாவின் சட்டைக் காலரைப் பிடித்துக் குடோன் பக்கம் இழுத்துப்போனார். சிமெண்டில் அகலமாகக் கோடு விழுந்தது. அழகுராஜா இப்போது மதினி மதினி என்று அழுதார். அண்ணன் சாமியாக நிற்கிறார், அவர் மேல் சத்தியமாக என்றார். யார் யார் வந்தார்கள் என்று பேர் சொல்கிறேன் என்றார்.

“முத்திருளா, டீசல் ரூமத் தெற,” என்றார் நாகஜோதி.

திறந்தேன். ஜன்னல் இல்லாத அறை. காலி பீப்பாய்கள்தான் கிடந்தன. நல்லகாமன் அவரை உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்தார். ஸ்பானரைத் தங்கையிடம் கொடுத்தார். அவர் இடது கையில் வாங்கிக்கொண்டார். வலது கையில் அது நிற்காது.

“நான் போறேன் தங்கச்சி, நீ இரு.”

“வேணாண்ணே. பேரெல்லாம் சொல்றேங்கிறாரு. கேட்டுட்டு வாரேன்.”

வாசலில் நின்று இரும்புக் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பூட்டிட்டுச் சாவிய எடுத்துரு. இது தானாத் தெறக்காதுல்ல?”

“தெறக்காதுக்கா.”

உள்ளே போனார். நான் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இழுத்து, பூட்டைப் போட்டுச் சாவியை எடுத்தேன்.