தபிதாளை உட்காரவைத்து எடுத்த அளவு

1

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து வந்தது. 1974-இல் திருத்தணியில் மாலை நேரத் தட்டச்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு எதிரே எலியாஸ் மேஸ்திரியின் ஒர்க்‌ஷாப். ஒருநாள் அங்கிருந்து கிளம்பிய பழைய ஆஸ்டின் கார், பள்ளத்தில் இறங்கியதும் 'சர்ர்' என்று தேய்ந்தது. நான் கேட்டது அவ்வளவுதான். மற்றது நான் சேர்த்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மலைமேல் மணி ஒலித்தபோது எலியாஸ்..." வேண்டாம். மணிக்கும் அந்தச் 'சர்ர்' சத்தத்துக்கும் சம்பந்தமில்லை.

2

எலியாசுக்குச் சொந்தமான அந்த ஆஸ்டினில், பின் சக்கரங்கள் இரண்டையும் தாங்கும் ஆக்சில் உடைந்திருந்தது. அதே ஆக்சில் எங்கும் அகப்படவில்லை. எலியாஸ் ஓர் அம்பாசடர் ஆக்சிலைத் தேடிக் கொண்டுவந்தார். அதை மாட்டிவிட்டால், மைத்துனன் சுந்தர்சிங்கின் கல்யாணத்துக்கு மனைவி தபிதாளை அரக்கோணம் சர்ச் வாசலில் சொந்தக் காரில் கொண்டுபோய் இறக்கலாம்.

ஆக்சிலில் சக்கரம் மாட்டும் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை டேப் பிடித்தார். பழையதைவிட ஓர் அங்குலம் அகலம். பக்கத்துக்கு அரை அங்குலம்தானே, சக்கரத்தை மூடும் மட்கார்டுக்குள் அடங்கிவிடும் என்று முடிவு செய்தார். சந்தேகம் வந்து மறுபடியும் அளந்தார்.

(இரண்டு முறையும் வண்டியைக் கல்மேல் தூக்கி நிறுத்தியிருந்தார். பின் சீட்டு வெளியே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை. இதை இப்போதே சொல்லலாமா என்று தயங்கினேன். சொல்லிவிட்டேன்.)

3

வெள்ளோட்டத்துக்குத் தபிதாள் பின் சீட்டில் ஏறினாள். கனத்த உடம்புக்காரி. [இந்த வாக்கியத்தைப் பலமுறை அடித்துத் திருத்தினேன். 'பூசினாற்போல்' என்று மாற்றிப் பார்த்தேன். அது மழுப்பல்.] வண்டி தாழ்ந்தது. கே.ஜி.கண்டிகை வரும்வரை ஒவ்வொரு பள்ளத்திலும் டயர் மட்கார்டில் தேய்ந்தது. அங்கே வண்டி நின்றதும் டீக்கடை சிங்காரம் வெளியே வந்தான்.

"இன்னா மேஸ்திரி, அக்கா ஏறினதும் வண்டி அழுதுகினு வருது?"

கடையே சிரித்தது. யோசிக்காமல் எலியாசும் சிரித்துவிட்டார்.

தபிதாள் இறங்கிவிட்டாள். "நான் பஸ்ல போய்க்கிறேன். கல்யாணத்துக்கும் பஸ்தான்."

4

இங்கே கதை நின்றுபோனது. எலியாஸ் மட்கார்டு விளிம்பைச் சுத்தியால் தட்டி மடக்குவதாக ஒரு முடிவு எழுதினேன். வண்டி சரியானது, தபிதாள் சரியாகவில்லை. கிழித்தேன்.

அடுத்து: "தபிதா, அன்னைக்கு நான் உன்ன..." இல்லை. எலியாஸ் அப்படிப் பேசுகிறவர் அல்ல.

5

ஆகவே அவருக்குத் தெரிந்ததையே செய்யவிட்டேன். பின் சக்கர ரிம்மின் நடுத்தகட்டைப் பெயர்த்து, டயர் உள்ளே தள்ளி உட்காரும்படி வெல்டு வைத்தார். ரொம்பத் தள்ளினால் உள்ளே வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையில் இடிக்கும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் போதும். வீட்டுக்குப் போய்த் தபிதாளைக் கூப்பிட்டார்.

"வந்து உக்காரு. அளவு எடுக்கணும்."

"காலி வண்டிய அளங்க. அதான உங்க வழக்கம்?"

"ஆங். அதான் தப்பு. காலியாவா போவப்போறோம்? நீ உக்காரத்தான் வண்டியே செஞ்சேன். உன்ன விட்டுட்டு அளந்தேன் பாரு."

தபிதாள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"சிரிச்சீங்கன்னா எறங்கிடுவேன்."

"சிரிக்கல, வா."

தெரு பார்த்துக்கொண்டிருக்க, அவள் வந்து பின் சீட்டின் விளிம்பில் பட்டும் படாமலும் உட்கார்ந்தாள். எலியாஸ் தரையில் படுத்தார்.

"நல்லா சாஞ்சி உக்காரு. முழு அளவு வேணும்."

அவள் சாய்ந்தாள். ஸ்பிரிங் முனகியது. யாரும் சிரிக்கவில்லை.

6

விரல்கள் நுழைந்தனவா? 'நுழைந்தன' என்று எழுதிப் பார்த்தேன். 'ஒன்றுதான் நுழைந்தது' என்றும் எழுதினேன். எனக்கு இரண்டும் பிடித்திருக்கின்றன. ஒன்றுதான் என்றால் அவர் ரிம்மைக் கழற்றி மறுபடி வெல்டு வைப்பார், அவள் மறுபடி வந்து உட்கார வேண்டும்.

இப்போது அவர் கை மட்கார்டுக்கு அடியில் இருக்கிறது. இடைவெளி எவ்வளவு என்பதை உங்களிடமே விடுகிறேன். தபிதாளை மட்டும் இறக்கிவிடாதீர்கள்.